வார்டு எண் ஒன்று, வரலாறு வேறு: உள்ளாட்சித் தேர்தல் செயலி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

சென்னையில் எங்கள் பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு சிறு மலர் வெளியிடுகிறது. இந்த ஆண்டு மலரில் ‘நம் வார்டின் தேர்தல் வரலாறு’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். இரண்டு பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று ஒப்புக்கொண்டேன். அது ஏழு வாரமாக நீண்டதற்குப் பாதிக் காரணம் நம் மாநகராட்சித் தேர்தல்களின் வரலாறே அவ்வளவு முடிச்சுகள் கொண்டது என்பது. மீதிப் பாதிக்குக் காரணம், வேலையை எளிதாக்கும் என்று நம்பி நான் சந்தா கட்டிய ஒரு கைப்பேசிச் செயலி. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் வார்டு வாரியான தேர்தல் தகவல்களை ஒரே இடத்தில் தருவதாகச் சொல்லும் தனியார் செயலி அது. ஆண்டுச் சந்தா 299 ரூபாய். செய்பவர்கள் ஒரு சிறு குழுவினர். திருத்தங்கள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். ஆகவே பெயரைக் குறிப்பிடாமல், பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதைப் போன்ற வேறு எந்தச் செயலியை வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கே நான் சொல்லும் சோதனைகள் பயன்படும்.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். செயலியைத் திறந்து இருப்பிடத்தை அறிய அனுமதி கொடுத்தால், நாம் நிற்கும் இடம் எந்த வார்டு, எந்த மண்டலம், அந்த வார்டு பொதுவா, பெண்களுக்கானதா, பட்டியல் இனத்தவருக்கானதா, இப்போதைய மாமன்ற உறுப்பினர் யார் என்பவை நான்கைந்து நொடிகளில் வந்துவிடுகின்றன. எங்கள் தெருவின் நடுவே இரண்டு வார்டுகளின் எல்லை ஓடுகிறது. தெருவின் கிழக்குப் பக்கத்து வீட்டில் குப்பை எடுக்கவில்லை என்றால் ஒரு கவுன்சிலரிடமும், மேற்குப் பக்கத்து வீட்டில் எடுக்கவில்லை என்றால் இன்னொரு கவுன்சிலரிடமும் போக வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து பார்த்தேன். பால் பூத்தைத் தாண்டியதும் எண் மாறியது. எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ரோட்டை அளக்கிறீங்களா?” என்று கேட்டார். செய்தியைச் சொன்னதும், “நம்ம டிவிஷன் நம்பர் இப்போ என்னன்னு அதுல பார்த்துச் சொல்லுங்க, எனக்குப் பழைய நம்பர்தான் ஞாபகத்தில இருக்கு” என்றார். அவர் போகிற போக்கில் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் இந்தச் செயலியின் பெரிய குறை அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

2022 தேர்தல் பற்றிய தகவல்களில் செயலி பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் 21 மாநகராட்சிகளுக்கும், 138 நகராட்சிகளுக்கும், 489 பேரூராட்சிகளுக்கும் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்து, 22ஆம் நாள் எண்ணப்பட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சில முடிவுகளைக் கொண்டு சோதித்தேன். 74ஆவது வார்டைத் தட்டினால், அங்கே வென்று பின்னர் சென்னையின் முதல் பட்டியல் இனப் பெண் மேயரான ஆர். பிரியாவின் பெயர் வருகிறது. 134ஆவது வார்டைத் தட்டினால், மாநகராட்சியில் பா.ஜ.க. வென்ற ஒரே வார்டு அது என்ற குறிப்போடு உமா ஆனந்தன் பெயர் வருகிறது. ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்கு, வித்தியாசம், சின்னம் ஆகியவை தெளிவான அட்டவணையாக இருக்கின்றன. கட்சிவாரியாகக் கூட்டிப் பார்த்தபோது தி.மு.க. 153, அ.தி.மு.க. 15, காங்கிரஸ் 13, இந்தியக் கம்யூனிஸ்ட் (மார்க்சிஸ்ட்) 4, விடுதலைச் சிறுத்தைகள் 4, ம.தி.மு.க. 2 என்று எண்ணிக்கை சரியாக வந்தது. அந்தப் பட்டியலின் அடியில் இருந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சற்றுத் திகைத்தேன். ‘சுதந்திரம் — 5 இருக்கைகள்’ என்று போட்டிருந்தது. இப்படி ஒரு கட்சி எப்போது தொடங்கப்பட்டது என்று ஒரு கணம் யோசித்த பிறகே, சுயேச்சைகளைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்பது விளங்கியது.

இந்த மொழிச் சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகப்பிலேயே ‘உங்கள் மன்றத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று கேட்கிறது. தமிழில் தொகுதி என்று சொன்னால் சட்டமன்றத் தொகுதியோ நாடாளுமன்றத் தொகுதியோதான் நினைவுக்கு வரும். மாநகராட்சியில் அதற்குப் பெயர் வார்டு. பழைய ஆட்கள் டிவிஷன் என்பார்கள். தெருமுனையில் நின்ற பழைய மாநகராட்சிப் பலகைகளில் கோட்டம் என்று இருந்தது. கட்சிக்காரர்களுக்கு அது வட்டம், அதனால்தான் வட்டச் செயலாளர் இருக்கிறார். நான்கு சொற்கள் புழக்கத்தில் இருக்க, எவரும் சொல்லாத ஐந்தாவது சொல்லைத் தேடிப்பிடித்து வைத்திருப்பதால், முகப்பில் வருபவர் தம் சட்டமன்றத் தொகுதியின் பெயரைத் தட்டிவிட்டு, ‘தகவல் இல்லை’ என்ற பதிலைப் பெற்றுத் திரும்புகிறார். எங்கள் சங்கச் செயலாளர் அப்படித்தான் திரும்பினார். உதயசூரியனை ‘எழும் சூரியன்’ என்றும், இரட்டை இலையை ‘இரண்டு இலைகள்’ என்றும் காட்டுவது சிரித்துவிட்டுக் கடக்கக்கூடியது. ஆனால் போட்டியின்றித் தேர்வானவரை ‘எதிர்க்கப்படாமல் திரும்பியவர்’ என்றும், கட்டுத்தொகையை இழந்தவரை ‘வைப்பு தொலைத்தவர்’ என்றும் எழுதினால், படிப்பவருக்கு நடந்தது என்ன என்றே புரியாது. மாநகராட்சி வார்டுக்கு 2022இல் கட்டுத்தொகை 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அதைத் தொலைப்பது வேறு, டெபாசிட் பறிபோவது வேறு. தேநீர்க் கடையில் தினமும் அடிபடும் சொற்கள் இவை. தேர்தல் நேரத்து நாளிதழ் ஒன்றை ஒரு வாரம் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நான் பணம் கட்டியது அதற்காகத்தான். எங்கள் வார்டைத் தட்டி ‘முந்தைய தேர்தல்கள்’ என்ற பகுதியைத் திறந்தபோது 1996, 2001, 2006, 2011, 2022 என்று ஐந்து வரிசைகளும், அவற்றில் வென்றவர்களும், வாக்கு வித்தியாசங்களும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. கட்டுரை முடிந்துவிட்டது என்ற நிறைவோடு 2006இல் வென்றவராகக் காட்டப்பட்டவரைப் பற்றிச் சங்கத்தின் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். அப்படி ஒருவர் இந்தப் பக்கமே வாக்குக் கேட்டு வந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அந்தத் தேர்தலில் வாக்களித்த நினைவு இருந்ததே தவிர, வேட்பாளர் பெயர் நினைவில் இல்லை. அம்மா பத்திரங்களை வைத்திருக்கும் தகரப் பெட்டியைக் கிளறியதில், ரேஷன் கார்டின் பழைய உறைக்குள், மஞ்சளடித்து மடிப்பு கிழிந்த ஒரு பூத் சிலிப் கிடைத்தது. கோட்டம் என்ற இடத்தில் பேனாவால் எழுதியிருந்த எண்ணுக்கும் எங்களுடைய இப்போதைய வார்டு எண்ணுக்கும் இடையே நாற்பதுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. வீடு நகரவில்லை. எண் நகர்ந்திருக்கிறது. செயலியோ எண்ணைப் பிடித்துக்கொண்டு, கூவத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஏதோ ஒரு கோட்டத்தின் வரலாற்றை எங்கள் தலையில் கட்டிவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்கினால்தான் குறையின் அளவு தெரியும். 2011 வரை சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர் பரப்பில் 155 கோட்டங்களாக இருந்தது. அந்த ஆண்டு அதைச் சுற்றியிருந்த 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, பரப்பு 426 சதுர கிலோமீட்டராகவும், மண்டலங்கள் 10இலிருந்து 15ஆகவும், வார்டுகள் 200ஆகவும் ஆயின. மேலோட்டமாகப் பார்த்தால் 155உடன் 45 சேர்ந்து 200 ஆனதுபோல் தோன்றும். உண்மையில் பழைய நகரத்தின் 155 கோட்டங்கள் 107 வார்டுகளாகச் சுருக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் தரப்பட்டன. அதோடு, வடக்கே திருவொற்றியூர் மண்டலத்தில் தொடங்கித் தெற்கே சோழிங்கநல்லூர் மண்டலத்தில் முடியுமாறு எண்கள் அனைத்தும் புதிதாக இடப்பட்டன. ஆகவே 2006இன் எந்தக் கோட்டமும் அதே எண் கொண்ட 2011இன் வார்டு அல்ல. பழைய மூன்று கோட்டங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரு புதிய வார்டு உருவாகியிருக்கும். அல்லது பழைய கோட்டம் ஒன்று இரண்டு வார்டுகளுக்கு இடையே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். வார்டின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் தெருக்களைப் பின்தொடர வேண்டும். எண்ணைப் பின்தொடர்ந்தால் வேறொருவருடைய தெருவுக்குப் போய்ச் சேர்வார்.

இந்தத் தவற்றை எவரும் இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 1ஆவது வார்டைத் தட்டுங்கள். இன்றைய 1ஆவது வார்டு திருவொற்றியூர் மண்டலத்தில், எண்ணூர்ப் பக்கம் இருக்கிறது. 2006இல் கத்திவாக்கமும் திருவொற்றியூரும் தனித்தனி நகராட்சிகள்; சென்னை மாநகராட்சியின் 1ஆவது கோட்டத்துக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் செயலி, எண்ணூர் மக்கள் 2006இல் சென்னை மாமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததாகக் கூசாமல் காட்டுகிறது. அடுத்து 200ஆவது வார்டைத் தட்டுங்கள். 2011க்கு முந்தைய மூன்று வரிசைகளிலும் ‘தேர்தல் நடைபெறவில்லை’ என்று வருகிறது. சோழிங்கநல்லூரும் பெருங்குடியும் பள்ளிக்கரணையும் பேரூராட்சிகளாக இருந்து, தங்கள் வார்டு உறுப்பினர்களையும் தலைவர்களையும் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்தன. 155க்கு மேல் எண் இல்லை என்பதால் அங்கே தேர்தலே இல்லை என்று கணினி முடிவுசெய்துவிட்டது போலும்.

ஆலந்தூரைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் முன்பணமாக 5,000 ரூபாய் வாங்கி, அந்தப் பணத்தையும் கடனையும் தனியார் பங்கேற்பையும் சேர்த்து வேலையை முடித்த நகராட்சி அது. நாட்டின் பிற நகரங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துச் சென்ற திட்டம். குழாய் பதிப்பதற்கு முன்பே வீட்டுக்கு வீடு சென்று பணம் கேட்டு வாங்க வேண்டுமானால், கேட்பவர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினராகவும் தெரு அறிந்த முகமாகவும் இருந்தால்தான் நடக்கும். வார்டு என்ற அமைப்பு எதற்காக இருக்கிறது என்று கேட்பவருக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு சென்னையைச் சுற்றிக் கிடைப்பது கடினம். செயலியைப் பொறுத்தவரை ஆலந்தூர் மண்டலத்தின் தேர்தல் வரலாறு 2011இல் தொடங்குகிறது. அதற்கு முன்பு அங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வரிசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த அக்டோபரில் சென்னையில் நடந்த வாக்குப்பதிவின்போது பல சாவடிகளில் வன்முறை வெடித்ததும், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றதும், அதன் தொடர்ச்சியாகப் பல கோட்டங்களில் உறுப்பினர்கள் பதவி விலகி 2007 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல் நடந்ததும் அப்போது நாளிதழ் படித்த எவருக்கும் நினைவிருக்கும். அந்தக் கோட்டங்களுக்கு இரண்டு முடிவுகள் இருக்க வேண்டும். செயலியில் ஒரே ஒரு முடிவுதான் இருக்கிறது. அது எந்தத் தேர்தலுடையது என்ற குறிப்பும் இல்லை. உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ நடக்கும் தற்செயல் தேர்தல்களுக்கும் இதே கதிதான். ஐந்தாண்டுக்கு ஒரு வரிசை என்று முதலிலேயே கட்டம் போட்டுவிட்டதால், கட்டத்துக்குள் அடங்காத தேர்தல்கள் வெளியே நிற்கின்றன.

மேயர் தேர்தலைக் காட்டும் பகுதி வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் வார்டில் மேயர் வேட்பாளர்களுக்கு எத்தனை வாக்குகள் விழுந்தன என்று காட்டுவதாகச் சொல்லி ஒரு தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். 1996இல் மு.க. ஸ்டாலின் சென்னையின் முதல் நேரடித் தேர்வு மேயரானார். 2001இலும் அவரே நேரடியாக வென்றார். ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருக்க முடியாது என்று 2002இல் சட்டம் மாறியபின் மேயர் பதவியை விட்டு விலகினார். 2006இல் மாமன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்து மா. சுப்பிரமணியன் மேயரானார். 2011இல் மறுபடியும் நேரடித் தேர்தல். சைதை துரைசாமி வென்றார். 2019 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின்படி மீண்டும் மறைமுக முறை. 2022இல் பிரியா மேயரானது அப்படித்தான். இந்த மாற்றங்களைப் பற்றி ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், 2006க்கும் 2022க்கும் எல்லா வார்டுகளிலும் ‘மேயர் வாக்குகள்: 0’ என்று செயலி காட்டுகிறது. விவரம் அறியாத இளைஞர் ஒருவர் இதைப் பார்த்தால், அந்த ஆண்டுகளில் நகரம் முழுவதும் மேயர் தேர்தலைப் புறக்கணித்தது என்றே நினைப்பார். இதைவிட அந்தப் பக்கத்தையே நீக்கிவிடுவது மேல்.

இதையெல்லாம் கடந்து, ஒரு வரலாற்றுச் செயலி தவறவே விடக்கூடாததைத் தவறவிட்டிருக்கும் இடம் 2016. வார்டுகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. செப்டம்பர் இறுதியில் தேர்தல் அறிவிப்பு வெளியாயிற்று; அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு என்றார்கள்; கட்சிகள் வேட்பாளர் பட்டியல் வெளியிட்டன; வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. எங்கள் தெருவில் இரண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்துச் சின்னம் எழுத இடம் பிடித்தும் வைத்திருந்தார்கள். அக்டோபர் 4ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. அம்மாதத்தோடு மாமன்றத்தின் காலமும் முடிந்து, தனி அலுவலரின் கைக்கு நிர்வாகம் போயிற்று. அதன்பின் வார்டு எல்லைகளின் மறுவரையறைக்காக 2017இல் ஆணையம் அமைத்ததும், 2018 இறுதியில் புதிய எல்லைகளை அறிவித்ததும், 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் தேர்தல் நடத்தியதும், 2021 அக்டோபரில் எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு நடத்தியதும் போக, நகரங்களுக்குத் தேர்தல் வந்தபோது 2022 பிறந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. உள்ளாட்சி மன்றத்தின் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. செயலியில் 2016க்கு வரிசையே கிடையாது. 2011க்கு அடுத்து 2022 என்று, இடையில் ஒரு கோடுகூட இல்லாமல், ஒட்டவைத்தாற்போல் இருக்கிறது.

என்னைக் கேட்டால், எங்கள் வார்டின் வரலாற்றில் மிக முக்கியமான வரிசை அந்த இல்லாத வரிசைதான். அந்த ஐந்து ஆண்டுகளில் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, புகார்களை எழுதி, மாதம் ஒருமுறை இருவர் மண்டல அலுவலகத்துக்குப் போய்வந்தோம். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. 2022 மார்ச்சுக்குப் பிறகு அதில் பதிவுகள் மெலிந்துபோவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கவுன்சிலரின் கைப்பேசி எண் தெருவுக்குக் கிடைத்துவிட்டது.

வரலாறு 1996இல் தொடங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். 74ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்திய முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல் நடந்தது. ஆகவே அங்கே தொடங்கியது தரவுக்கு வசதியான தொடக்கம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1688இல் தொடங்கப்பட்ட ஒரு மாநகராட்சிக்கு, 1959, 1964, 1968 ஆகிய ஆண்டுகளில் பரபரப்பான தேர்தல்கள் நடந்த ஒரு மாமன்றத்துக்கு, ஒரு பத்தி முன்னுரையாவது எழுதியிருக்கலாம். 1959 தேர்தலுக்குப் பிறகுதான் தி.மு.க. முதன்முதலாக மேயர் நாற்காலியில் அமர்ந்தது. மாநில ஆட்சியைப் பிடிப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அது நடந்தது. 1973இல் மஸ்டர் ரோல் (கூலியாள்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரையொட்டி மாமன்றம் கலைக்கப்பட்டது; அதன்பின் 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை. என் தந்தை 1968இல் மாநகராட்சிக்கு வாக்களித்தார். அடுத்த வாக்கை 1996இல் என்னோடு வரிசையில் நின்று அளித்தார். நான் முதல்முறை, அவர் இரண்டாம்முறை. 2016 பற்றி யாராவது புலம்பினால், ‘இதெல்லாம் ஒரு இடைவெளியா’ என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

வாக்குப்பதிவு சதவீதத்தை வைத்து வார்டுகளுக்கு நிறம் பூசியிருக்கும் வரைபடம் பார்க்க நன்றாக இருக்கிறது; அதில் ஒட்டியிருக்கும் முத்திரைதான் பிடிக்கவில்லை. 2022இல் மாநில அளவில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்குகள் பதிவானபோது சென்னையில் 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை; அந்த வெட்கம் நமக்கு இருக்க வேண்டியதுதான். அதற்காகச் சராசரிக்குக் கீழே போன ஒவ்வொரு வார்டையும் சிவப்பாக்கி ‘அக்கறையற்ற வார்டு’ என்று எழுதுவது நியாயமாகப் படவில்லை. உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து தயாராகிறது. வாடகை வீட்டுக்காரர்கள் நிறைந்த வார்டில், வீடு மாற்றிப் போனவரின் பெயர் பழைய முகவரியிலேயே தங்கிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. போனவர் வந்து வாக்களிக்காததற்கு, இருப்பவர்கள் அக்கறையற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேகம் பரவாயில்லை. விளம்பரம் இல்லை. எழுத்துருவைப் பெரிதாக்கினால் அட்டவணையின் கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதில்தான் வாக்கு வித்தியாசம் இருக்கிறது. பக்கங்களைப் படமாகச் சேமிக்கலாம், அட்டவணையாக இறக்கிக்கொள்ள வழியில்லை. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்பதையும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களையும் நினைவூட்டும் அறிவிப்பு உண்மையிலேயே பயனுள்ளது. அதன் வழியாகத்தான் நான் முதன்முறையாக ஒரு பகுதி சபைக்குப் போனேன். மழைநீர் வடிகால் பற்றி நான் கேட்ட கேள்வியைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். 299 ரூபாய்க்கு நான் பெற்றதில் முழுமையாக மதிப்புள்ளது அதுதான்.

கட்டுரையைக் கடைசியில் எழுதி முடித்தது செயலியைக் கொண்டு அல்ல. 2011, 2022 ஆகிய இரண்டு தேர்தல்களின் எண்களை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தையவற்றைத் தெருவில் உள்ள ஒன்பது வீடுகளின் பழைய பூத் சிலிப்புகளையும், சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தையும், அறிவிக்கைகளில் அச்சாகியிருக்கும் வார்டு எல்லை விவரத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து எழுதினேன். எல்லை விவரம் என்பது, வடக்கே இன்ன தெருவின் தென்புறம், கிழக்கே இன்ன சாலையின் மேற்குப்புறம் என்று நான்கு பக்கமும் சொற்களால் வரைந்த படம். அதைப் படித்துக்கொண்டே நடந்தால் பழைய கோட்டத்தின் எல்லையைச் சுற்றி வந்துவிடலாம். நான் இரண்டு காலை நேரங்களில் சுற்றி வந்தேன். மூன்று பழைய கோட்டங்களின் துண்டுகள் சேர்ந்ததுதான் எங்கள் இன்றைய வார்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே 2006க்கு மூன்று வெற்றியாளர்களின் பெயரை எழுதினேன்.

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சு தொடக்கத்தில் நிறைவடைகிறது; அதற்கு முன் இந்தச் செயலியைத் தேடி வருபவர்கள் கூடுவார்கள். அதற்குள் திருத்திவிடட்டும் என்று, 1ஆவது வார்டு, 200ஆவது வார்டு, மேயர் பக்கம், 2016, மொழிபெயர்ப்புப் பிழைகள் என ஐந்தையும் எடுத்துக்காட்டுகளோடு எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அடுத்த வாரம் ஒரு புதுப்பிப்பும் வந்தது. திறந்து பார்த்தேன். ‘சுதந்திரம்’ என்பதை ‘சுயேச்சை’ என்று மாற்றியிருக்கிறார்கள். எண்ணூர் மக்கள் 2006இல் சென்னை மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இன்னும் அங்கேயே இருக்கிறார். இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.